கலோனியல் கசின்ஸ்: ஒரு பல்லவி ஏற்றிவிட்ட உயரம்

[காட்சி: மும்பை மாட்டுங்கா, காலை நேரப் பூக்கடைகள்]

மாட்டுங்காவில் வளர்ந்த எங்களுக்கு, 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்பது நவராத்திரிக் கொலுவில் யாராவது ஒரு மாமி பாடும் பாட்டு. வியாசராயர் கன்னடத்தில் இயற்றியது. பாலசரஸ்வதி அபிநயித்துப் புகழ்பெற்றது. 1996இல் அதே பல்லவி கிதார் ஒலியோடு தொலைக்காட்சியில் வந்தபோது, பாட்டி முதலில் சேனலை மாற்றச் சொன்னார். பல்லவி மறுபடியும் வந்ததும் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

[காட்சி: ஒலிநாடாவை டேப்ரெக்கார்டரில் செருகும் கை]

பாடியவர் ஹரிஹரன், மும்பைத் தமிழர், முந்தைய ஆண்டுதான் 'பம்பாய்' படத்தில் 'உயிரே' பாடியவர். கிதாரும் ஆங்கில வரிகளும் லெஸ்லி லூயிஸுடையவை. இந்த இருவர் குழுதான் கலோனியல் கசின்ஸ், இது அவர்களின் முதல் ஆல்பத்துப் பாட்டு. இருவரையும் சேர்த்துவைத்தது விளம்பர ஜிங்கிள் ஒலிப்பதிவு. முப்பது நொடிக்குள் கேட்பவரை நிறுத்திவைக்க வேண்டிய அந்தத் தொழிலின் சாமர்த்தியம் இந்தப் பாட்டிலும் தெரிகிறது. ஏசுவாகவோ இராமனாகவோ அல்லாவாகவோ எந்த வடிவிலாவது வந்து காப்பாற்று என்று வேண்டும் ஆங்கிலப் பகுதி, 1992-93 கலவரங்களைக் கண்ட இந்நகரத்தின் காதில் வெறும் பக்தியாக மட்டும் விழவில்லை.

சினிமாவில் வராத ஒரு பாட்டு இவ்வளவு பரவியது அன்றைக்கு அதிசயம்தான். எம்டிவி சேனலின் 'அன்ப்ளக்ட்' இசை நிகழ்ச்சியில் இடம்பெற்ற முதல் இந்தியக் குழு என்ற பெயரும் கிடைத்தது.

[காட்சி: நடைபாதையில் குவிந்த எம்பி3 குறுந்தகடுகள்]

1998இல் இரண்டாம் ஆல்பம், 2001இல் 'ஆத்மா'. முதல் ஆல்பத்தின் வீச்சு இவற்றுக்கு இல்லை. சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்வோருடன் நான் உடன்படவில்லை. இசைச் சேனல்களும் கேசட் நிறுவனங்களும் சினிமாப் பாட்டின் பக்கம் சாய்ந்ததும், நூறு பாட்டு அடங்கிய திருட்டு எம்பி3 தட்டு நடைபாதைக்கு வந்ததும் சினிமா சாராத பாப் இசையான இந்திபாப் முழுவதையுமே சாய்த்தன.

ஆனாலும் குழு உடையவில்லை. சோறு போட்ட தொழில் இருவருக்கும் வேறாக இருந்ததே காரணம் என்பேன். ஹரிஹரனுக்குத் திரைப்பாட்டும் கஸலும் இருந்தன. லெஸ்லிக்கு ஜிங்கிள்கள் இருந்தன, 1999இல் பாடகர் கே.கே.யின் 'பல்' ஆல்பமும் அவர் உருவாக்கியதே. குழு வருமானத்தை மட்டும் நம்பியிருந்தால் யார் பெயர் முன்னால் என்ற சண்டையிலேயே பிரிந்திருக்கலாம். அதே சௌகரியம்தான் அவர்களை மந்தமாக்கியது என்றும் தோன்றுகிறது. 2009இல் 'மோதி விளையாடு', அடுத்த ஆண்டு 'சிக்கு புக்கு' எனத் தமிழ்ப் படங்களுக்குச் சேர்ந்து இசையமைத்தார்கள். நான்காம் ஆல்பமான 'ஒன்ஸ் மோர்' வர 2012 ஆகிவிட்டது.

[காட்சி: தூசி படிந்த டேப்ரெக்கார்டர்]

அப்போது எங்கள் வீட்டு டேப்ரெக்கார்டர் பரணுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. உள்ளே அந்த முதல் ஒலிநாடா, பாட்டி கேட்ட பக்கம் மட்டும் தேய்ந்து கிடந்தது.