கிருமி சாகவேண்டும், தோல் பிழைக்கவேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

புண்ணைக் காற்றாட விட்டு உலரவைத்தால்தான் ஆறும் என்று நம்மில் பலர் இன்றும் நம்புகிறோம். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் சில காயங்களைத் திறந்தபடி விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். ஈரம் காயாமல் மூடியிருந்த காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. இன்றைய நவீனக் கட்டுகளெல்லாம் அந்தச் சோதனையின் வாரிசுகள், நான் இன்று பேசப்போகும் நானோ இழைக் கட்டும்தான்.

சரி, ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடிக்குமே, என்ன செய்வது? சாதாரணக் காஸ் துணியின் ஓட்டைகள் நம் கண்ணுக்கே தெரிகின்றன. ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள பாக்டீரியாவுக்கு அது கதவே இல்லாத வாசல். போதாததற்கு, பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த திசுவையும் பிய்த்துக்கொண்டு வரும். அனுபவித்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

நானோ இழைக் கட்டு இங்கேதான் வருகிறது. இழையின் தடிமன் சில நூறு நானோமீட்டர். மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். தலைமுடி அதைப்போல இருநூறு முந்நூறு மடங்கு தடிமன். இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து விரிப்பாகும்போது, காற்றும் நீராவியும் போய்வரும், பாக்டீரியா நுழையத் திணறும். நம் மேல்தோலுக்கடியில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளும் கிட்டத்தட்ட இதே அளவுதான் என்பதால், செல்கள் இதைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன.

செய்யும் முறையைப் பார்க்கவே அழகாக இருக்கும். சிரிஞ்சில் பாலிமர் கரைசல், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கொண்ட பொருளின் கரைசல். ஊசி முனையில் பத்து இருபதாயிரம் வோல்ட் மின்னழுத்தம். எதிரே சற்றுத் தள்ளி ஓர் உலோகத் தகடு. முனையில் தொங்கும் துளி மெல்ல நீண்டு கூம்பாகிறது. 1964இல் ஜெஃப்ரி டெய்லர் கணக்கிட்டு விளக்கிய கூம்பு இது. அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். கூம்பின் நுனியிலிருந்து ஒரு தாரை கிளம்பி, சாட்டைபோலச் சுழன்று சுழன்று மெலிகிறது. கரைப்பான் வழியிலேயே ஆவியாகிவிட, தகட்டில் வெள்ளையாக ஒரு விரிப்பு படிகிறது. கரைசல் நீர்த்துப்போனால் இழைக்குப் பதில் மணிமணியாக விழும். காற்றில் ஈரப்பதம் கூடினாலும் இழையின் தன்மை மாறிவிடும். ஓர் ஊசியிலிருந்து மணிக்கு ஒரு கிராம் கிடைப்பதே அரிது. தொழிற்சாலைக்குக் கொண்டுபோவதில் இது பெரிய தலைவலி.

இந்த இழைக்குள் கிருமிக்கொல்லியைச் சேர்க்கவேண்டும். பலரும் முதலில் கை வைப்பது வெள்ளியில். வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கும், புரதங்களோடு பிணைந்து வேலையைக் கெடுக்கும். ஆனால் அளவு மிஞ்சினால், காயத்தை மூட வரும் நம் தோல் செல்களையும் விடாது. ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்று காட்டுவது எளிது, பக்கத்துச் செல் பிழைத்ததா என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் இந்த வகையில் சாது. என்ன, தனியாக இழையாக நூற்க அடம்பிடிக்கும். பாலிவினைல் ஆல்கஹால் போன்ற வேறொரு பாலிமரோடு கலந்தால்தான் வழிக்கு வரும். அந்தப் பாலிவினைல் ஆல்கஹாலோ புண்ணின் நீர் பட்டதும் கரையும், அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புச் செய்து உறுதிப்படுத்தவேண்டும். அதற்குப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு மிச்சமிருந்தால் அதுவே நஞ்சு. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இழுக்கும்!

அடுத்த சிக்கல், மருந்து எப்போது வெளிவருகிறது என்பது. இழையின் மேற்பரப்பிலேயே மருந்து தங்கிவிட்டால் முதல் சில மணி நேரத்தில் பெரும்பகுதி கொட்டிவிடும். அப்புறம் துளித்துளியாகக் கசியும். கொல்லப் போதாத அந்தச் சிறு அளவில் ஆன்டிபயாட்டிக் நீடித்தால், எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகள் தழைக்க நாமே இடம் கொடுத்ததாகும். அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஊசிகளை வைத்து, மருந்து உள்ளேயும் பாலிமர் உறையாக வெளியேயும் இருக்கும்படி நூற்கிறார்கள்.

கட்டைத் தொற்றுநீக்கம் செய்வதிலும் வம்பு உண்டு. அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியின் வெப்பம் 121 டிகிரி செல்சியஸ். இழைக்குப் பலரும் பயன்படுத்தும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமர் 60 டிகிரியிலேயே உருகிவிடும். காமாக் கதிர் அல்லது எத்திலீன் ஆக்சைடுதான் வழி. அவை உள்ளிருக்கும் மருந்தைக் கெடுக்கின்றனவா என்று மறுபடி சோதிக்கவேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முழங்கால் சிராய்ப்புக்கு இதெல்லாம் வேண்டாம். கழுவிச் சுத்தமான கட்டுப் போட்டால் போதும். தீக்காயம், நீரிழிவுக்காரர்களின் ஆறாத பாதப்புண் போன்றவற்றுக்காகத்தான் இந்தப் பாடு. அந்தப் புண்களில் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான உயிரிப்படலம் அமைத்து அதற்குள் பதுங்கியிருக்கும். தனித்தனியாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தளவு அங்கே பெரும்பாலும் எடுபடாது. ஆகவே புதிய நானோ கட்டு ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டால், உயிரிப்படலத்தின்மேல் சோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள்.