எரு ஆறட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தக்காளி, மிளகாய் நாற்று விடுகிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். மாலையில் பூவாளியால் தண்ணீர் தெளித்தபோது பச்சென்று நின்ற நாற்று, விடிந்ததும் திட்டுத் திட்டாகச் சாய்ந்து கிடக்கும். ஒன்றைப் பிடுங்கினால், மண்ணை ஒட்டிய தண்டு நூலாக இற்றுப்போயிருக்கும். நாற்றழுகல். பெரும்பாலும் பித்தியம் என்ற நீர்ப்பூஞ்சையின் வேலை.

அதற்கான காவல் நம் எருக்குழியிலேயே உருவாகிறது. நன்கு மட்கிய எருவில் பேசில்லஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும். சூடோமோனாஸை எண்ணி நான் வியக்காத நாளில்லை. மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும், கரைந்த நிலையில் கிடைப்பது சொற்பம். இந்த பாக்டீரியா ஒரு பொருளைச் சுரந்து அந்தச் சொற்பத்தையும் வளைத்துப்போட்டுக்கொள்கிறது. நோய்க்கிருமி இரும்பின்றித் தவிக்கிறது. சூடோமோனாஸ் வேரில் குடியேறினால், இலை வரைக்கும் செடியின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது.

ஆனால் எல்லா எருவும் இப்படிக் காக்காது. குவியலின் நடுவே 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும் சூடேறும். அந்தச் சூடு வேண்டும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அதில்தான் சாகின்றன. கூடவே நல்ல உயிரிகளும் மடிகின்றன. தடித்த உறைக்குள் உறங்கும் பேசில்லஸ் வித்துகள் போன்றவையே தப்பும். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹேரி ஹாய்ட்டிங்க் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். கொதிக்கும் நடுப்பகுதியிலிருந்து எடுத்த மட்கு நோயைத் தடுக்கவில்லை. சூடு தணிந்து, ஓரத்திலிருந்து நல்ல உயிரிகள் உள்ளே திரும்பிய பிறகே தடுத்தது.

ஆகவே, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். குவியலைக் கிளறிக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் இன்னும் ஆகவில்லை. ஈரம் காயாமல் சில வாரங்கள் ஆறப்போடுங்கள். ஒரு பிடி அள்ளி முகர்ந்தால் முதல் மழையின் மண்வாசம் வர வேண்டும். அந்த வாசமும் ஒருவகை பாக்டீரியா தருவதுதான்.

சூடோமோனாஸ் தூளை வாங்கிக் கலப்பவர்களும் அப்போதுதான் கலக்க வேண்டும். ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழுவுரத்துடன் சேர்த்து இடலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. சூடு ஆறாத குழியில் அதைக் கொட்டிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று வருந்திய உழவர்களைச் சந்தித்திருக்கிறேன். மருந்தில் குறையில்லை, வெந்துபோயிருக்கும்.

இன்னொன்று, அந்தத் தூளோடு தாமிரப் பூஞ்சைக்கொல்லி எதையும் சேர்த்துக் கலக்காதீர்கள். நன்றி, வணக்கம்.