அங்கோரிலிருந்து மாண்டலே வரை

நேயர்களுக்கு வணக்கம். பர்மிய, சயாமிய அரசுகளின் போர்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. நான் ஒரு முழங்காலிலிருந்து தொடங்குகிறேன்.

பர்மாவின் மாண்டலே நகரில், மகாமுனி புத்தர் கோயில் வளாகத்தில் சில பழைய வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. இரண்டு வீரர்கள், மூன்று சிங்கங்கள், மூன்று தலையுள்ள ஐராவதம். முழங்கால் வலிப்பவர் சிலையின் முழங்காலைத் தேய்க்கிறார், வயிற்று வலிக்காரர் வயிற்றை. தேய்த்துத் தேய்த்து அந்த இடங்களெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன. ஒரு பாட்டி தன் பேரனைத் தூக்கிப் பிடித்துத் தேய்க்கவைத்ததை நான் பார்த்தேன்.

இவை கம்போடியாவின் கெமர் மக்கள் வார்த்தவை. 1431இல் அவர்கள் தலைநகரான அங்கோர் வீழ்ந்தபோது சயாமியர் தங்கள் தலைநகரான அயுத்தயாவுக்குக் கொண்டுபோனார்கள். அயுத்தயாவை வென்ற பர்மிய மன்னர் பயின்னௌங் தம் தலைநகரான பெகுவுக்குக் கொண்டுபோனார். பெகு விழுந்ததும், மேற்குக் கரையில் தனி அரசாக இருந்த அரக்கான்காரர்கள் தூக்கினார்கள். அரக்கானை 1785இல் வென்ற பர்மிய மன்னர் போதவ்பயா மறுபடியும் பர்மாவுக்கே இழுத்துவந்தார். அங்கோர், அயுத்தயா, பெகு, அரக்கான், பர்மா! ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் ஓர் ஊர் வீழ்ந்திருக்கிறது.

ஏன் தூக்கினார்கள்? அங்கே நிலத்துக்குப் பஞ்சமில்லை, உழுவதற்கும் படைக்கும்தான் ஆள் பஞ்சம். வென்றவன் ஆட்களையும் அரசனுக்குப் பெருமை தரும் பொருள்களையும் கொண்டுபோனான். 1563இல் பயின்னௌங் கேட்டது இரண்டு வெள்ளை யானைகள். அயுத்தயா மறுத்தது, போர் வந்தது, கடைசியில் நான்கைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிணையாகப் பெகுவில் வளர்ந்த சயாமிய இளவரசன் நரேசுவன்தான் பிறகு சயாமை விடுவித்தவர். 1593இல் அவர் யானைமேல் நின்று பர்மிய இளவரசரை வெட்டிச் சாய்த்ததாகத் தாய்லாந்தில் சொல்கிறார்கள். பர்மிய வரலாறோ, துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார் என்கிறது.

எனக்கு யானைப் போரைவிட நடந்துபோன மக்கள்தான் முக்கியம். ஆற்று நீர் சூழ்ந்த அயுத்தயா மழைக்காலத்தை நம்பியிருந்த ஊர். வெள்ளம் வந்தால் முற்றுகையிட்டவன் திரும்பிவிடுவான். 1766இல் பர்மியர் திரும்பவில்லை. மேட்டில் ஏறி, படகு கட்டிக் காத்திருந்தார்கள். பதினான்கு மாத முற்றுகைக்குப் பின் 1767 ஏப்ரலில் நகரம் எரிந்தது. கூத்தர்களும் இசைக்காரர்களும் கைவினைஞர்களும் சிறைப்பட்டு நடந்தார்கள். அவர்கள் கொண்டுபோன இராமகாதைக் கூத்து பர்மிய அரசவையில் வேரூன்றியது. அயுத்தயாவின் பெயரால் ‘யோதயா’ என்றே ஓர் இசை வகை பர்மாவில் இன்றும் இருக்கிறது. அயோத்தியின் பெயரைக் கொண்ட ஊர் அது என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. சீனப் படையெடுப்பால் பர்மியர் பின்வாங்கியதும், சயாமியத் தளபதி தக்சின் தோன்புரியைத் தலைநகராக்கி நாட்டை மீட்டதும், பர்மியர் ஒன்பது படைகளாகச் சயாம்மேல் வந்த 1785 போரும் இன்னும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படைகள் வந்த வழிகளில் ஒன்று, இரு நாட்டு எல்லையிலுள்ள மூன்று பகோடா கணவாய். ஜப்பானியரின் சயாம் மரண ரயில்பாதை 1943இல் போனதும் அதே கணவாய் வழிதான். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மாண்டது அந்தப் பாதையில். அவர்களைப் பற்றித் தனியே பேச இன்னொரு நாள் கேட்டிருக்கிறேன். வணக்கம்.