சேற்றில் நிற்கும் கால்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நீர்ப்பறவைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தவர்கள், நான் வேடந்தாங்கலைப் பற்றியோ பழவேற்காட்டைப் பற்றியோ பேசுவேன் என்று எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டிருப்பது அடையாறு. இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர் திரு.வி.க. பாலத்தின் மேல் பேருந்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த ஆற்றைக் கடந்திருப்பீர்கள். அதில் தவறு ஏதும் இல்லை, நாற்றம் நாற்றம்தான். ஆனால் அந்தப் பாலத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இரண்டு கிலோமீட்டர் தொலைவில், ஒரு தை மாதக் காலையில் நிற்கும் பறவை இனங்களை எண்ணத் தொடங்கினால் இரு கை விரல்களும் போதாமல் போகும். அவை ஏன் அங்கு வருகின்றன என்பதே இன்றைய பேச்சு.

தாம்பரத்துக்கு மேற்கே உள்ள ஏரிகளின் உபரிநீரில் பிறந்து, திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கத்தின் மிகைநீரையும் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி, அடையாறு கடலைத் தொடுகிறது. முகத்துவாரத்தின் தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் தோட்டம். அதையடுத்துக் கடலோரமாக ஊரூர் ஆல்காட் குப்பம். வடகரையில் சீனிவாசபுரம். நடுவே, 1967இல் கட்டப்பட்டுப் பத்தே ஆண்டுகளில் வெள்ளத்துக்குப் பலியான பாலத்தின் எச்சம் நிற்கிறது. சென்னைவாசிகள் அதை உடைந்த பாலம் என்றே அழைக்கிறார்கள். திரைப்படக்காரர்களுக்குச் சண்டைக்காட்சிக்குப் பயன்படுவதைப் போலவே பறவை பார்ப்பவர்களுக்கும் அது பயன்படும் இடம். காலையில் சூரியன் கடற்பக்கம் எழுவதால், அங்கிருந்து ஆற்றின் மேல்பக்கத்தைப் பார்த்தால் ஒளி நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் அதே காரணத்துக்காகத் திரு.வி.க. பாலத்துக்குப் போய்க் கடலை நோக்கி நிற்க வேண்டும். இந்தச் சின்ன விவரம் தெரியாமல் பல மாலைகளை நான் வீணடித்தேன்: கண் கூச, எல்லாப் பறவைகளும் கறுப்பாகவே தெரிந்தன.

இன்னொரு விவரத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் வீச்சு வலையுடன் நின்ற ஒரு முதியவர். பைனாகுலரும் நோட்டுப் புத்தகமுமாக ஒரு மணி நேரம் வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "தண்ணி வத்தட்டும் சார், அப்புறம் வந்து பாருங்க" என்றார். சென்னைக் கடலில் ஏற்றவற்றத்தின் அளவு பெரிதன்று. அமாவாசை, பௌர்ணமி நாள்களிலேயே சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் முகத்துவாரம் தட்டையான சேற்று நிலம் என்பதால், தண்ணீர் ஒரு சாண் இறங்கினாலே ஒரு மைதானம் அளவுக்குச் சேறு வெளியே வரும். வெளியே வந்த சேற்றில்தான் பந்தி நடக்கிறது. கோடையில் அலைகள் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் கடல்நீர் உள்ளே வருவது நின்றுபோகும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அந்த மணல் திட்டை மீண்டும் உடைக்கும். 2015 டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வளவு பெரிய வெள்ளம் வர வேண்டும் என்றுகூட இல்லை. ஒவ்வொரு மழைக்காலமும் சேற்றை இடம் மாற்றிப் போடுகிறது. சென்ற ஆண்டு பறவைகள் நின்ற திட்டை இந்த ஆண்டு அதே இடத்தில் தேடுவது வீண்.

இனி அந்தச் சேற்றை அருகில் பார்ப்போம். புரட்டாசி வாக்கில் வடக்கிலிருந்து வந்து சேரும் கொசு உள்ளான் என்னும் கரைப்பறவை ஒரு சிட்டுக்குருவியின் எடைகூட இல்லாதது. ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. அதன் அலகு குட்டை. ஆகவே தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல மேற்சேற்றைக் கொத்திக்கொண்டே ஓடும். அதன் உறவினர்களான பவளக்காலிக்கும் பச்சைக்காலிக்கும் அலகு அதைவிட நீளம். கருவால் மூக்கனோ, கண்வரை தண்ணீரில் முழுக, அலகு முழுவதையும் உள்ளே செலுத்திவிடும். உள்ளான் இனத்து அலகுகளின் நுனியில் நுண்ணிய தொடு உணர்வு உறுப்புகள் இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத புழுவை அவை தொட்டே கண்டுபிடிக்கின்றன. பக்கத்திலேயே நிற்கும் உப்புக்கொத்திக்கு அந்த வசதி இல்லை. பெரிய கண்களை நம்பி, ஓடுவதும் நிற்பதும் சட்டென்று குனிவதுமாக அது பிழைக்கிறது. ஒரே அரை அடிச் சேற்றில், ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒவ்வொருவர் பட்டா வைத்திருக்கிறார்கள்.

கொக்கைப் பற்றி நமக்கெல்லாம் ஒரு முடிவு உண்டு: ஓடுமீன் ஓட உறுமீன் வரும்வரை வாடியிருக்கும் என்று. கரையோரத்தில் கல்லைப் போல நிற்கும் மடையானுக்கு அது பொருந்தும். சின்னக் கொக்குக்குப் பொருந்தாது. கறுத்த அலகு, கறுத்த கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள். அந்த மஞ்சள் பாதத்தைச் சேற்றில் வைத்து நடுங்குவதுபோல் ஆட்டி, பதுங்கியிருக்கும் இறாலையும் குஞ்சுமீனையும் கலைத்து வெளியே வரவழைத்துப் பிடிக்கும். ஒரு நாள் காலை வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்த நேரத்தில் அது பொறுமையாக நின்ற கணம் ஒன்றுகூட இல்லை.

மஞ்சள்மூக்கு நாரை வேறு வகை. பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டு இடமும் வலமுமாகத் துழாவும். மீன் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். பார்வை தேவைப்படாத வேட்டை என்பதால் அடையாற்றின் கலங்கல் அதற்கு இடையூறே இல்லை. மேலிருந்து பார்த்துப் பாயும் மீன்கொத்திக்கும் ஆலாவுக்கும் தெளிந்த நீர் வேண்டும். எங்கே யார் மீன் பிடிக்கிறார்கள் என்று கவனித்தால், அன்றைக்குக் கடல்நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

இங்கே ஒரு தவறான மகிழ்ச்சியைக் களைய வேண்டும். பறவைகள் திரளாக வந்தால், ஆறு சுத்தமாகிவிட்டது என்று செய்தி போடுகிறார்கள். அப்படியில்லை. கழிவுநீர் சேரும் சேற்றில் ஆக்சிஜன் குறைவு. அங்கே பல உயிர்கள் வாழ முடியாது. ஆனால் ஒருவகைக் கடிக்காத கொசு ஈயின் சிவப்புப் புழுக்கள், உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால், அதே சேற்றில் பெருகும். ஜிலேபிக் கெண்டையும் அந்த நீரைத் தாங்கும். பவளக்கால் உள்ளான்கள் (முன்பு சொன்ன பவளக்காலி வேறு, இவை நெடுங்கால் உள்ளான்கள்) கூட்டமாக நிற்பதற்கு அந்தப் புழுக்கள் ஒரு பெருங்காரணம். உணவு இருக்கிறது என்பதற்குத்தான் அவை சாட்சி. அந்த உணவோடு வேறு என்னென்ன அவற்றின் உடலுக்குள் போகிறது என்பது பைனாகுலருக்குத் தெரியாது.

அதற்காகச் சேற்றையே அகற்றிவிடலாம் என்ற யோசனையையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆற்றை அழகுபடுத்துவது என்றாலே ஆழப்படுத்துவது, கரைக்குக் கல் பதிப்பது, வெறுமையாகக் கிடக்கும் திட்டில் மரம் நடுவது என்று நினைக்கிறோம். குப்பைமேடாகக் கிடந்த ஓடைப் பகுதியில் 58 ஏக்கரைச் சீரமைத்து 2011இல் திறக்கப்பட்ட அடையாறு பூங்கா நல்ல வேலை. முக்குளிப்பானுக்கும் தாழைக்கோழிக்கும் அது இடம் தந்தது. ஆனால் உள்ளான்களுக்கு வேண்டியது கணுக்கால் அளவு நீரும், நாற்புறமும் பார்வை தடைபடாத வெட்டவெளியும். கழிவுநீரை நிறுத்த வேண்டும். சேறு இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் ஆறு கால்வாயாகத்தான் முடியும்.

வெட்டவெளி ஏன் வேண்டும் என்பதை ஒரு கரும்பருந்து எனக்குக் காட்டியது. ஒரு கணக்கெடுப்பு நாளில் பவளக்கால் உள்ளான்களை நூறுக்கு மேல் எண்ணியிருந்தேன். பருந்தின் நிழல் சேற்றின் மேல் ஓடியதுதான் தாமதம், அத்தனையும் ஒன்றாக எழுந்து, இளஞ்சிவப்புக் கால்கள் வாலுக்குப் பின்னால் நீண்டு தொங்க, இரண்டு முறை வட்டமிட்டுப் பழைய இடத்திலேயே இறங்கின. நான் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

வரும் ஞாயிறு காலை உடைந்த பாலத்துக்கு அருகே சிலர் கூடுகிறோம். விருப்பமுள்ளவர்கள் வரலாம். பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை, பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். நேரத்தை நான் இப்போது சொல்லப் போவதில்லை. முந்தின நாள் குப்பத்தில் கேட்டு, தண்ணீர் எப்போது வற்றும் என்று தெரிந்துகொண்டு சொல்கிறேன்.