காத்திருக்கத் தெரிஞ்சது ஆடு மாடுதான்!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பட்டிக்குப் படலைச் சாத்திட்டு வந்து உக்காந்திருக்கிற காங்கேயம் சுத்துவட்டாரத்துத் தாய்மார்களே, பெரியவங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

"சிறு விவசாயக் குடும்பத்தைக் கரை சேர்ப்பது வெள்ளாமையா, ஆடு மாடா?" இதுதான் தலைப்பு. ஆடு மாடுதான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி, "மழை பேஞ்சாத்தான் வெள்ளாமை, வெள்ளாமை இருந்தாத்தான் தீவனம், தீவனம் இருந்தாத்தான் மாடு"ன்னு அடுக்கிக் காட்டினார். நீங்களும் கை தட்டினீங்க. நல்லாத்தான் பேசினார். ஆனா எந்த ஊர்ல நின்னு பேசறோம்னு தம்பி பாக்க மறந்துட்டார். இது கொறங்காட்டுச் சீமைங்க!

வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்காகச் சொல்றேன். சுத்தியும் முள்கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், அங்கங்க வெள்வேல மரம். இதுதான் கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அந்தப்பக்கம் கரூர் வரைக்கும் பாக்கலாம். ஊர்ப் புறம்போக்கு இல்லீங்க, பட்டா நிலம். கிணத்துத் தண்ணி வேண்டாம், வாய்க்கால்ல எப்ப முறை வரும்னு பாத்துட்டு நிக்க வேண்டாம். அஞ்சாறு ஏக்கரை ரெண்டு மூணாத் தடுத்து வெச்சா, ஒண்ணுல மேயறப்ப இன்னொண்ணு தழைஞ்சுக்கும். புல்லு காஞ்சு சருகாப் போற வெய்யக் காலத்துல வெள்வேலங்காய் உதிரும். ஆடு அதைத் தின்னுட்டு, புழுக்கையோட விதையைப் போட்டுட்டுப் போகும். அடுத்த மழைக்கு அதுல கன்னு முளைக்கும். இதுல எங்க, தம்பி, வெள்ளாமை வருது? சில வருஷத்துக்கு ஒருக்கா உழுது சோளமோ கொள்ளோ விதைக்கறது உண்டு, ஒத்துக்கறேன். அதுவும் புல்லு நல்லாக் கிளம்பணும்னுதான்.

அடுத்துப் பேசின அம்மா, தக்காளியிலயும் சின்ன வெங்காயத்துலயும் ஒரே போகத்துல வீடு கட்டினவங்களைச் சொன்னாங்க. இருக்காங்க, மறுக்கலை. ஆனா 14 கிலோ தக்காளிப் பெட்டி, பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமப் போனதை நாம பாக்காத வருஷம் உண்டா? அப்ப தோட்டத்துக்காரர் என்ன பண்றார்? பறிக்காம ஆட்டை உள்ள ஓட்டி விடறார்! நடுவர் அவர்களே, எதிரணியோட நஷ்டத்தைக்கூட எங்க அணிதான் தின்னு தீர்க்குது.

சிறு விவசாயியைக் கவுக்கறது எதுங்க? மழை, பூச்சி எல்லாம் உண்டு. அதைவிடப் பெருசு, "இன்னைக்கே வித்தாகணும்"ங்கற கட்டாயம். தக்காளி செவந்துட்டா மண்டிக்காரர் சொல்றதுதான் விலை. வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமிச்சு வைக்கலாமேன்னு அம்மா கேப்பாங்க. வைக்கலாம். வாரத்துக்கு வாரம் எடை குறையும், அழுகலைப் பொறுக்கிக் கொட்டிட்டே இருக்கணும். மேச்சேரி இனச் செம்மறிக் கெடாய்க்குட்டியை மேய விட்டு வெச்சா? எடை ஏறும்! கன்னிவாடி ஆட்டுச் சந்தையில பாருங்க. யாவாரி துண்டைப் போட்டு, அதுக்குள்ள உங்க விரலைப் பிடிச்சு ஒரு விலை சொல்றார். பிடிக்கலையா? கையை உருவிக்கலாம். "அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க"ன்னு ஆட்டைத் திருப்பி ஓட்டிட்டு வரலாம். தக்காளிக் கூடையை எந்த மண்டியில இருந்து அப்படித் திருப்பிட்டு வந்தீங்க?

விக்கறதும் தேவைக்குத் தகுந்தபடிதான். பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டணுமா, ரெண்டு குட்டி. ஆஸ்பத்திரிச் செலவா, ஒரு கெடாய். மீதி பட்டியிலயே நிக்கும். பாதி பழுத்த வெள்ளாமையை ரெண்டு செடி மட்டும் வித்து யாராவது ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா?

பால் கணக்குக்கு வர்றேன். விடியக்காலையில தூக்குப்போசியோட சொசைட்டிக்குப் போற அம்மாக்கள் இந்தக் கூட்டத்துலயே நெறைய இருக்கீங்க. பாலை ஊத்தறப்பவே கண்ணு அந்த மிஷின் மேலதான் இருக்கும். கொழுப்பு ஒரு புள்ளி கொறைஞ்சாலும், "நேத்தும் இதே தவுடு, இதே சோளத்தட்டுதானே போட்டேன்"னு அங்கேயே ஒரு பட்டிமன்றம் நடக்கும். ஆவின் 2022 நவம்பர்ல பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாய் ஆக்கினாங்க, 2023 டிசம்பர்ல 3 ரூபாய் ஊக்கத்தொகை சேத்தாங்க. தீவன விலைக்கு இது போதாது, அதை நானே சொல்றேன். வேலையும் பாதிக்கு மேல பொம்பளைங்க தலையிலதான் விழுது. அண்ணன்மாருங்க கொஞ்சம் சாணி அள்ளினா ஒண்ணும் தேஞ்சு போக மாட்டீங்க. ஆனாலும் வெள்ளாமைப் பணம் போகத்துக்கு ஒருக்கா வருது, வந்த வேகத்துல உரக்கடை பாக்கிக்குப் போயிருது. மளிகைக் கடைக்காரர் நம்பறது பால் பணத்தைத்தான்.

"காங்கேயம் மாடு பாலே கொடுக்காதே, போட்டோ எடுக்கத்தான் லாயக்கு"ன்னு எதிரணியில ஒருத்தர் கிண்டல் பண்ணினார். பாலுக்காக அதை யாருங்க வளர்த்தாங்க? பழையகோட்டைப் பட்டக்காரர்ங்கற ஜமீன் வம்சம் தலைமுறை தலைமுறையா அதைப் பொறுக்கி வளர்த்தது ஏருக்கும், கிணத்துல தண்ணி இறைக்கற கவலைக்கும், வண்டிக்கும். செவலையாப் பொறந்த கன்னு ஆறு மாசத்துல மயிலைன்னு சொல்ற சாம்பல் நெறத்துக்கு மாறும். காஞ்ச தட்டைத் தின்னுட்டு வெய்யில்ல நிக்கும். சொசைட்டிக்கு ஒரு ஜெர்சி, சித்திரையில கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரு ஜோடி காங்கேயம்னு வளர்க்கற வீடு நம்ம பக்கம் எத்தனை இருக்கு! ரெண்டும் ரெண்டு வேலை.

நாய் பிரச்சனையைச் சொன்னாங்க. அதுக்கு நான் மழுப்ப மாட்டேன். தெருநாய்க் கூட்டம் ராத்திரி பட்டிக்குள்ள புகுந்து கடிச்சுப் போட்டுட்டுப் போனா, காலையில படலைத் திறக்கறவங்க நெலமை என்னன்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்லணுமா? செத்த ஆட்டை ரோட்டுல போட்டு நம்ம சனங்க மறியல் பண்ணினாங்க. ஆனா அதுக்குக் காவலும் இழப்பீடும் கேக்கணுமே தவிர, ஆடே வேண்டாம்னா எப்படி? மயில் வந்து தக்காளியைக் கொத்துதுன்னு நீங்க விவசாயத்தை விட்டுட்டீங்களா?

இன்னொண்ணு. 2021 பிப்ரவரியில அரசாங்கம் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி பண்ணுச்சு. 16.43 லட்சம் விவசாயிங்க. வேணும்னுதான் நானும் சொல்றேன். ஆனா அது என்ன கடன்? பயிர்க்கடன்! வெள்ளாமை கரை சேர்த்திருந்தா அவங்க ஏன் தள்ளுபடியை எதிர்பாத்து நிக்கணும்? உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு சொன்னது எங்க அணி இல்லீங்க, உங்க அணியோட பாட்டன் பூட்டன்.

நடுவர் மணியில கை வெச்சுட்டார், முடிச்சுக்கறேன். எதிரணித் தலைவர் வந்து பேசறப்ப ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். 2016ல வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் கொறைஞ்சு போச்சு. அடுத்த ஜனவரியில தமிழ்நாட்டுல எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. பனைமரமே கருகின வருஷம். தீவனம் கட்டாம மாட்டை அடிமாட்டு விலைக்கு வித்தவங்க எங்க அணியிலயும் உண்டு, வயித்தெரிச்சல்தான். ஆனா வித்ததுக்குக் கையில காசு வந்துச்சு. பட்டியில மிச்சம் வெச்ச நாலு பெட்டையாடு அஞ்சு மாசத்துல குட்டி போட்டுச்சு. அந்த வருஷம் கருகின வெள்ளாமையை எந்தச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனீங்க?

நன்றி, வணக்கமுங்க.