காணாமற்போன இரண்டு தாள்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பதினேழாம் நூற்றாண்டுக் கப்பல் தலைவர் ஒருவரைப் பற்றிய "கேப்டன் வில்லியம் கிட் கடற்கொள்ளையரா, பலிகடாவா?" என்ற கேள்விக்கு, கொள்ளையர்தான் என்று எதிரணி நண்பர் ஆணித்தரமாக வாதிட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். கிட் பலிகடாவே என்று நிறுவ வந்திருக்கிறேன்.

கிட்டைக் கடலுக்கு அனுப்பியவர்கள் யார்? மாசசூசெட்ஸ், நியூயார்க் குடியேற்றங்களின் ஆளுநர் பெல்லமண்ட் பிரபுவும், கடற்படைத் தலைமையில் இருந்த ஆர்ஃபோர்டும், சாமர்ஸ் முதலான ஆளுங்கட்சிப் பெரும்புள்ளிகளும் முதல் போட்டார்கள்; மன்னர் மூன்றாம் வில்லியம் பத்தில் ஒரு பங்குக்கு உரிமை வைத்துக்கொண்டு உரிமக் கடிதம் கொடுத்தார். பிரெஞ்சுக் கப்பல்களையும் கடற்கொள்ளையரையும் பிடிக்கலாம். எதுவும் சிக்காவிட்டால் மாலுமிகளுக்குச் சம்பளமே கிடையாது. கிட் பொறுக்கியெடுத்த ஆட்களில் பலரைப் புறப்பட்ட வேகத்திலேயே கடற்படை இழுத்துக்கொள்ள, நியூயார்க்கில் கிடைத்தவர்களை ஏற்றிக்கொண்டு 1696-இல் இந்தியப் பெருங்கடலுக்குப் போனார். 34 பீரங்கிகள் கொண்ட அவருடைய கப்பல் 'அட்வென்ச்சர் கேலி' நாளடைவில் ஓட்டையாகி, தண்ணீரை இறைத்துக்கொண்டே ஓட்டவேண்டிய நிலைக்கு வந்தது. பசித்த, கூலியற்ற, ஆயுதம் தாங்கிய கூட்டத்தை அந்தக் கப்பலில் கட்டி மேய்த்த மனிதரைப் பற்றித்தான் பேசுகிறோம்.

1697 அக்டோபரில் பீரங்கிக்காரர் வில்லியம் மூருடன் வாக்குவாதம் முற்ற, இரும்புப் பட்டை போட்ட மரவாளியால் கிட் அவர் தலையில் அடித்தார். மறுநாள் மூர் இறந்தார். இதை நான் நியாயப்படுத்தவில்லை. கோபத்தில் விழுந்த ஓர் அடி அது, திட்டமிட்ட கொலை அன்று. இந்தியக் கரையோரம் 'மேரி' என்ற சிறு கப்பலில் சரக்கைப் பறித்ததும் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலகம் அவரைக் கொள்ளையர் என்று அழைப்பது இவற்றுக்காக அன்று, 1698 ஜனவரியில் கொச்சிக்கு அப்பால் பிடிபட்ட 'குவேதா மெர்ச்சன்ட்' கப்பலுக்காகவே. குவேதா என்பது கெடா, நம் பழைய கடாரம். ஆர்மீனிய வணிகர்களின் பட்டும் மஸ்லினும் ஏற்றிய அந்தக் கப்பலை ஓட்டியவர் ஆங்கிலேயர் என்பதை எதிரணி அழுத்திச் சொன்னது. அந்தக் கப்பலில், பிரெஞ்சுப் பாதுகாப்பில் போவதைக் காட்டும் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்ததை மட்டும் சொல்லவில்லை. பிரெஞ்சுச் சீட்டோடு போகும் கப்பலைப் பிடிக்கத்தானே உரிமக் கடிதம் கொடுத்தார்கள்?

சரக்கில் முகலாய அரசவைப் பெரியவர் ஒருவருக்கும் பங்கு இருந்ததால் சூரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நெருக்கடி முற்றியது. 1695-இல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையர் முகலாயக் கப்பலைச் சூறையாடிய புண்ணே ஆறாத வேளை அது. கம்பெனிக்குக் காட்ட ஒரு தலை வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் எதிர்க்கட்சியோ, இதை வைத்தே ஆளுங்கட்சிப் பிரபுக்களைக் கவிழ்க்கப் பார்த்தது. மன்னிப்புப் பெற்றுத் தருவதாக நம்பிக்கையூட்டும் கடிதம் எழுதிப் பாஸ்டனுக்கு வரவழைத்த பெல்லமண்டே 1699 ஜூலையில் கிட்டைச் சிறையில் அடைத்தார். கிட் தம் கையில் வைத்திருந்த இரண்டு பிரெஞ்சுச் சீட்டுகளை நம்பி ஒப்படைத்ததும் அந்தப் பெல்லமண்டிடமே.

அந்தத் தாள்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. நாடாளுமன்றத்தில் நிறுத்திக் கேட்டபோதும் கிட் தம் புரவலர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1701 மே மாத விசாரணையில் தாமே தமக்காக வாதாட நேர்ந்த அவர், என் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சீட்டுகள் வரவில்லை. மே 23 அன்று தேம்ஸ் கரையில் தூக்கிலிட்டபோது கயிறு அறுந்தது; கீழே விழுந்தவரைத் தூக்கி மறுபடியும் தொங்கவிட்டார்கள்.

நடுவர் அவர்களே, காணாமற்போன அந்தச் சீட்டுகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. 1701-இன் ஜூரிகள் கண்ணில் படாத அவற்றைத் தாங்கள் மனத்தில் கொண்டு தீர்ப்பளிக்குமாறு வேண்டி அமர்கிறேன்.