அட்வான்ஸ் வாங்கின ஃப்ரீலான்ஸர் மாயம்! குன்னூர் ஸ்டேஷன்ல கிடைச்ச ஐடியா

(திரையில்: பனி மூடின சிகரம், அடியில நீல ஏரி, ஓரத்துல மர வீடு)

வணக்கம் மக்களே. இந்த போட்டோவை நல்லா பாருங்க. இது எந்த ஊர்? சுவிட்சர்லாந்தா? இல்லைங்க, கோத்தகிரி. எங்க சித்தி வீடு. நான் சொல்லலை, அந்த வெப்சைட் சொல்லுது.

14,000 ரூபா அட்வான்ஸ் கொடுத்து, ரெண்டு மாசம் காத்திருந்து, எங்க கைக்கு வந்த ஹோம் பேஜ் இதுதான். போட்டோவுக்குக் கீழ, இடத்தை நிரப்ப சும்மா போடற லத்தீன் எழுத்துல நாலு வரி. அதுக்குக் கீழ ‘எங்களைப் பற்றி’ன்னு ஒரு பட்டன். அமுக்கினா எங்கயும் போகாது. எங்களைப் பற்றி அதைச் செஞ்ச ஃப்ரீலான்ஸருக்கே தெரியாதபோது பட்டன் பாவம் என்ன பண்ணும்?

முன்கதையை ஓட்டமா சொல்லிடறேன். சித்தி மூணு ரூம் வெச்சு ஹோம்ஸ்டே நடத்தறாங்க. 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வந்துச்சுல்ல, அன்னைல இருந்து போன் பண்றவங்க பாதிப்பேர் ரூம் கேக்கறதில்ல, இ-பாஸ் எப்படி எடுக்கறதுன்னுதான் கேக்கறாங்க. "கண்ணு, இதையெல்லாம் எழுதி ஒரு வெப்சைட்ல போட்டுடலாம்டா, எனக்குத் தொண்டை வத்துது"ன்னாங்க. நானும் ஒரு ஃப்ரீலான்ஸிங் தளத்துல ஆளைப் பிடிச்சேன். மொத்தம் 28,000. பிப்ரவரி ரெண்டாவது வாரம் பேசினோம், மூணு வாரத்துல முடிச்சுத் தர்றேன்னார். ஏப்ரல் சீசனுக்குள்ள ரெடி. கணக்கு அப்படித்தான் இருந்துச்சு.

அப்புறம் அவர் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க: "சார், தளத்துல போனா கமிஷன் போயிடும். நேரா ஜிபே பண்ணிடுங்க, உங்களுக்கு ரெண்டாயிரம் குறைச்சுக்கறேன்."

ரெண்டாயிரத்துக்கு ஆசைப்பட்டு பண்ணேன். திட்டறவங்க கமெண்ட்ல திட்டிக்கோங்க, சித்தி ஏற்கெனவே திட்டி முடிச்சுட்டாங்க. தளத்துக்கு வெளியே காசு போன அந்த நிமிஷமே எஸ்க்ரோவும் (வேலை முடியற வரைக்கும் காசைத் தளமே பிடிச்சு வெக்கறது) கிடையாது, டிஸ்ப்யூட்டும் (தளத்துல புகார் பண்றது) கிடையாது, கெட்ட ரிவ்யூ வரும்ங்கற பயமும் அவருக்குக் கிடையாது. நம்ம கையில இருந்த மூணு பிடியையும் ரெண்டாயிரத்துக்கு வித்துட்டோம்.

சரி, இப்போ தலைப்புல சொன்ன விஷயம். ஏப்ரல்ல ஒரு நாள் கடுப்புல குன்னூர் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன். மேட்டுப்பாளையத்துல இருந்து ரயில் மேல ஏறி வந்து நின்னுச்சு. சின்ன வயசுல இருந்து பாக்கற ரயில்தான், ஆனா அன்னைக்குத்தான் தண்டவாளத்தைக் குனிஞ்சு பாத்தேன்.

(திரையில்: ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல் வெச்ச இரும்புப் பட்டை)

கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இந்தப் பல்பட்டை ஓடுது. காரணம், சரிவு. 12 அடி முன்னாடி போனா 1 அடி மேல ஏறணும். சாதா ரயில் சக்கரம் இரும்பு மேல இரும்பு, இந்த ஏத்தத்துல வழுக்கிடும். அதனால இன்ஜினுக்கு அடியில ஒரு பல்சக்கரம், அது இந்தப் பட்டையோட பல்லைக் கவ்விக் கவ்வி ஏறுது. 1899ல குன்னூர் வரைக்கும் ரயில் வந்தப்ப இருந்து இதே முறைதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, பட்டை ஒண்ணு இல்ல, ரெண்டு. பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ஆனா பல்லும் பல்லும் நேருக்கு நேர் இருக்காது. ஒண்ணோட பல் இருக்கற இடத்துல மத்ததுக்குப் பள்ளம். அதனால ஒரு பல் விடறப்ப இன்னொரு பல் ஏற்கெனவே பிடிச்சிருக்கும். எதையும் பிடிக்காம இன்ஜின் நிக்கற நேரம்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

எனக்கு அங்கயே பொறி தட்டிடுச்சு. நான் என்ன பண்ணேன்? முதல்ல 14,000, ரெண்டாயிரம் தள்ளுபடி போக கடைசில 12,000. ரெண்டே ரெண்டு பல்! நடுவுல ரெண்டு மாசம் பிடிமானமே இல்லாத சரிவு. வழுக்காம என்ன பண்ணும்?

28,000த்தை ஏழாப் பிரிச்சிருக்கணும். ஹோம் பேஜ் 4,000. ரூம் பக்கம் 4,000. புக்கிங் ஃபார்ம் 4,000. இப்படி. ஒண்ணு கைக்கு வந்து, பாத்து, சரின்னா காசு. அந்த ரெண்டாவது பட்டை என்ன தெரியுமா? ஒரு துண்டுக்குக் காசை விடறப்பவே அடுத்த துண்டுக்கான காசை எஸ்க்ரோவுல கட்டிடறது. அப்போ அவருக்கும் பயமில்ல, நமக்கும் பயமில்ல. ஆள் ஓடிட்டாலும் போறது 4,000. நீங்க எவ்வளவு தொலைச்சா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரும்? அதுதான் உங்க பல்லோட சைஸ்.

இன்னும் இருக்குங்க, நிறுத்த மனசு வரலை. இந்த ரயில்ல இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளும், ஒவ்வொரு பெட்டியோட முன்னாடியும் ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பார். எல்லா பிரேக்கையும் டிரைவர் ஒருத்தரையே நம்பி விடலை. நம்ம வேலைல அந்த பிரேக்ஸ்மேன் யாரு? புதன்கிழமை புதன்கிழமை பத்து நிமிஷம் ஸ்கிரீன் ஷேர். "எவ்வளவு முடிஞ்சுது"ன்னு கேக்காதீங்க, ‘எண்பது பர்சென்ட்’னு ஒரு பதில் எல்லாரும் ரெடியா வெச்சிருக்காங்க. "காட்டுங்க"ன்னு சொல்லுங்க.

குன்னூர் தாண்டி ஊட்டி வரைக்கும் பல்பட்டை கிடையாது, ஏன்னா அங்க சரிவு இளகிடுது. அதே மாதிரி, ஒரே ஆளோட மூணு வேலை ஒழுங்கா முடிஞ்சுதுன்னா நீங்களும் பட்டையைக் கழட்டிடலாம். முதல் வேலையிலயே கழட்டாதீங்க, அவ்வளவுதான். (இந்த உவமைக்காகவாவது ஒரு லைக் போடுங்க. குனிஞ்சு பாத்ததுல முதுகு பிடிச்சுக்கிச்சு.)

ஏற்கெனவே மாட்டிக்கிட்டவங்க இங்க இருந்து கவனிங்க.

முதல்ல, திட்டறதை நிறுத்துங்க. நான் ‘என்னாச்சு சார்’னு 23 மெசேஜ் போட்டேன். 24வதா போட்டதுக்குத்தான் பதில் வந்துச்சு. அது இது: "சார், வேலை முடியலைன்னாலும் பரவாயில்ல. இப்போ எந்த நிலைமைல இருக்கோ அப்படியே எல்லா ஃபைலையும் ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்குள்ள அனுப்பிடுங்க. அதைப் பாத்துட்டு மீதிக் கணக்கைப் பேசிக்கலாம்." அந்த ‘முடியலைன்னாலும் பரவாயில்ல’லதான் விஷயமே இருக்கு. பாதிப்பேர் ஏமாத்தணும்னு ஓடறதில்லைங்க. வேலை முடியலை, சொல்ல வெக்கம், அதனால போனை எடுக்கறதில்ல. எனக்கு எப்படித் தெரியும்னா, நானும் ஃப்ரீலான்ஸ் எடிட்டர்தான். ‘ரெண்டர் ஆகிட்டிருக்கு சார்’னு கிளையண்ட்கிட்ட சொல்லிட்டு வர்க்கி தொட்டு டீ குடிச்சவன் நான். அந்த வெக்கத்துக்கு ஒரு கதவு திறந்து விட்டா, ஃபைல் வந்துடும். ஞாயிறு 5.50க்கு ஜிப் ஃபைல் வந்துச்சு.

ரெண்டாவது, டொமைன், அதாவது வெப்சைட்டோட முகவரி. இது தெரிஞ்சப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. சித்தியோட ஹோம்ஸ்டே பேர்ல இருக்கற டொமைனை அவர் தன்னோட அக்கவுண்ட்ல, தன்னோட மெயில் ஐடில பதிஞ்சு வெச்சிருந்தார். அதாவது போர்டுல சித்தி பேர், பத்திரத்துல அவர் பேர். சரி, வேற கம்பெனிக்கு மாத்திக்கலாம்னு பாத்தா, புதுசாப் பதிஞ்ச டாட் காம் டொமைனை 60 நாளைக்கு வேற ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைன் பதிஞ்சு தர்ற கம்பெனிக்கு) மாத்த முடியாது. பொதுவான விதியே அப்படி. ஆனா அதே கம்பெனில நாம ஒரு அக்கவுண்ட் திறந்து, அவர் அக்கவுண்ட்ல இருந்து அதுக்குத் தள்ளிவிடச் சொல்லலாம், நிறைய இடத்துல அந்த வசதி இருக்கு. அப்படித்தான் வாங்கினோம். நீங்க வேலைக்கு ஆள் தேடறதுக்கு முன்னாடியே டொமைனை உங்க மெயில்ல, உங்க கார்டுல வாங்கிடுங்க. சாவி நம்மகிட்ட, பெயின்ட் அடிக்கறதுக்கு மட்டும் அவர்.

சட்டம் பத்தி ரெண்டே வரி. வாட்ஸ்அப்ல பேசினதும் ஒப்பந்தம்தான், பத்திரத்தாள் இல்லைங்கறதுக்காக செல்லாமப் போயிடாது. ‘சீசனுக்கு முன்னாடி வேணும், அப்புறம் வந்தா பிரயோஜனமில்ல’ன்னு அதுலயே எழுதி வெச்சா இன்னும் பலம். இன்னொண்ணு: காசு கொடுத்துட்டா கோடு (வெப்சைட்டை ஓட்டற ப்ரோகிராம்) நமக்குன்னு நினைச்சுடாதீங்க. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாத ஆள் எழுதின கோடுக்கு முதல் உரிமை எழுதினவருக்குத்தான், கையெழுத்தோட எழுதி வாங்கினாத்தான் நமக்கு. அப்புறம், 1930ங்கற போன் நம்பர் சைபர் மோசடிக்கானது, டெலிவரி லேட்டானதுக்கு இல்ல. கோவத்துல அவர் போட்டோவை ஃபேஸ்புக்ல போட்டீங்கன்னா, அவதூறுன்னு கேஸ் உங்க மேல திரும்பும்.

தளத்துக்குள்ளயே காசு கட்டினவங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. டெலிவரி வந்ததும் நீங்க கம்முனு இருந்தா, கடிகாரம் ஓடும். ஃபைவர்ல 3 நாள், அப்வொர்க் ஃபிக்ஸட் பிரைஸ் வேலைல 14 நாள். அதுக்குள்ள நீங்க வாயைத் திறக்கலைன்னா ஏத்துக்கிட்டதாக் கணக்கு. சிக்னல் இல்லாத எஸ்டேட்ல இருக்கறவங்க முக்கியமா கவனிங்க, மழைக்கு டவர் போனா நாலு நாள் போகும்!

அந்த ஜிப்ல பாதி உருப்படியாத்தான் இருந்துச்சு. மீதிக் காசை அவருக்குக் கொடுக்கலை, அவரும் கேக்கலை. குன்னூர்ல ஒரு காலேஜ் பொண்ணு 9,000 வாங்கிட்டு மிச்சத்தை முடிச்சுக் கொடுத்துச்சு, மூணு துண்டா, மூணு மூணாயிரமா. கூட்டிப் பாத்தா பேசினதை விடக் குறைச்சல்தான். ஆனா வெப்சைட் வந்தது மே கடைசில. மலர்க் கண்காட்சிக் கூட்டமே இறங்கிப் போயிடுச்சு. அந்த நஷ்டத்துக்கு எந்த எக்ஸெல்லயும் இடமில்ல.

பனி மலை போட்டோவை மட்டும் தூக்க மறந்துட்டோம், கேலரில இன்னும் இருக்கு. போன வாரம் சென்னைல இருந்து ஒருத்தர் போன் பண்ணி, "மேடம், உங்க வீட்டுல ஸ்னோ எந்த மாசம் விழும்?"னு கேட்டார். நான் போனைப் பிடுங்கறதுக்குள்ள சித்தி சொல்லிட்டாங்க: "டிசம்பர் கடைசில வாங்க சார். காலைல ஆறு மணிக்கு எங்க பையன் தலைகுந்தா கூட்டிட்டுப் போய் புல்லு மேல உறைபனி காட்டுவான். அட்வான்ஸ் பாதி."